பழைய நெட்வொர்க் கார்டு டிரைவரோடு சில நாட்கள்

மார்ச் 4

இன்று ஒருவர் அனுப்பிய பேட்சில் (கோடுக்கான திருத்தம்), என்இ2000 என்ற ஐஎஸ்ஏ (பழைய பிசி ஸ்லாட் வகை) நெட்வொர்க் கார்டின் லினக்ஸ் டிரைவரிலிருந்து ஒரு வரியைத் தூக்கியிருந்தார். கார்டோடு பேசுவதற்கான முகவரியான ஒரு போர்ட்டைப் படித்து, வந்த மதிப்பை அதே போர்ட்டிலேயே திரும்ப எழுதும் வரி. பார்ப்பவருக்கு வீண் வேலையாகத்தான் தெரியும். ஆனால் அந்த போர்ட்டைப் படித்தாலே கார்டு ரீசெட் ஆகும். எழுதினால்தான் அதிலிருந்து வெளியே வரும். என்ன மதிப்பு வந்தது என்பது பொருட்டே இல்லை. மெமரியைப் படிப்பதுபோல நினைத்துக்கொண்டு வாசித்தால் இந்த வரி புரியவே புரியாது. விளக்கி எழுதினேன், அனுப்பியவர் பேட்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மார்ச் 5

அந்த வரியின் பூர்வீகத்தை, கோடின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் தேடினால் 2005 ஏப்ரலோடு நின்றுவிடுகிறது. லினக்ஸ் 2.6.12-ஆர்சி2 பதிப்பு. அதற்கு முந்தைய கோடு முழுவதும் அந்த ஒரே கமிட்டில் (மாற்றப் பதிவில்) வந்து இறங்கியது. யார், ஏன் எழுதினார்கள் என்று அங்கே எதுவும் இல்லை. நல்லவேளை, போர்ட்டுக்குப் பெயர் வைத்த இடத்தில் ஒரு குட்டி கமென்ட் (விளக்கக் குறிப்பு) இருக்கிறது. அதை எழுதிய புண்ணியவான்தான் இன்றும் இந்த டிரைவரைக் காப்பாற்றுகிறார்.

மார்ச் 9

கார்டையும் கணினியையும் மென்பொருளாகவே பாவனை செய்யும் க்யூஈமுவில் டிரைவரை ஓட்டினேன். பேக்கெட் போகிறது, வருகிறது. சரி, ஆனால் இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. கார்டிலுள்ள 8390 சில்லோடு பேசும்போது ஒரு போர்ட் எழுத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சின்னத் தாமதம் வேண்டும். எக்ஸ்86 (வழக்கமான பிசி பிராசசர் வகை) கணினிகளில் அதற்காக, ஹெக்ஸில் 80 என்ற போர்ட்டில் சும்மா ஒரு பைட் எழுதுவது வழக்கம். சில லேப்டாப்கள் அதிலேயே தொங்கிப்போனதால், வேறு போர்ட்டுக்கு மாற்ற ஒரு பூட் ஆப்ஷனே வந்தது. மென்பொருளால் ஆன கார்டுக்கோ தாமதம் தேவையே இல்லை. அதை நீக்கினாலும் சோதனை பாஸ் ஆகிவிடும். நிஜக் கார்டு வைத்திருப்பவர் யாராவது வேண்டும்.

மார்ச் 12

"டிரைவரையே நீக்கிவிடலாமே" என்ற பேச்சு எழுந்திருக்கிறது. நீக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இன்டெல் 386 பிராசசருக்கான ஆதரவு லினக்ஸ் 3.8-ல் போனது. ஹார்ட் டிஸ்க்குகளுக்கான பழைய ஐடிஇ டிரைவர்கள் 2021-ல், 5.14-ல் போயின, அந்த இடத்தை லிப்ஏடிஏ என்ற புதிய டிரைவர் தொகுப்பு ஏற்கெனவே பிடித்திருந்தது. வைத்திருப்பதற்கும் செலவு உண்டு. அனுப்பிய பேக்கெட் தேங்கி நின்றால் கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) அழைக்கும் ஃபங்ஷனுக்கு, 5.6-ல் ஒரு அளவுரு கூடியது. அதற்காகவே நெட்வொர்க் டிரைவர்களையெல்லாம் வரிசையாகத் திருத்த வேண்டியிருந்தது.

அதனால் "யாரிடமாவது ஓடுகிறதா?" என்று கேட்டு, இல்லையென்றால் முழுதாக எடுங்கள் என்கிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அரைகுறையாகச் சுத்தம் செய்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஓடாத டிரைவரை ஓடுவதுபோல் கெர்னலில் வைத்திருந்தால், நம்பி நிறுவுபவரை ஏமாற்றுகிறோம்.

மார்ச் 17

ஒருவர் நிஜக் கார்டில் பூட் செய்து, ஓடியபோது பதிவான செய்திகளை அனுப்பினார். ரீசெட், அனுப்புதல், பெறுதல் எல்லாம் சுத்தம். டிரைவர் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. வரியை நீக்கப் பார்த்தவரே அதன் தலைமேல் கமென்ட் எழுதி அனுப்பினார், சேர்த்தாயிற்று.

அடுத்து 8390 சில்லின் பேஜ் விவகாரம். அங்கே ஒரே போர்ட், பேஜ் பிட்டைப் பொறுத்து வேறு வேறு ரெஜிஸ்டர் (சில்லுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்). பேஜ் 1-ல் இருக்கும்போது இன்டரப்ட் (கவனிக்கச் சொல்லி கார்டு தரும் சமிக்ஞை) குறுக்கிட்டால், அதைக் கவனிக்கும் ஹேண்ட்லர் வேறு எதையோ படித்துவிடும். கோடில் லாக் (பூட்டு) இருப்பது அதைத் தடுக்கத்தான். அதற்கும் அவரையே கமென்ட் எழுதச் சொல்லியிருக்கிறேன்.