அக்காவின் முன்பணமும் இரண்டு வழக்குகளும்

வீட்டுமனை வாங்க என் அக்கா நான்கு லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்து, 2025 தொடக்கத்தில் கிரைய ஒப்பந்தம் போட்டார். கெடு முடிந்தும் விற்பவர் பதிவுக்கு வரவில்லை, பணத்தையும் தரவில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மனு ஏற்புச் சான்றிதழ் வாங்கினோம். இருதரப்பையும் விசாரித்துவிட்டு, "இது சிவில் விவகாரம், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மனுவை முடித்துவிட்டார்கள்.

ஏமாற்றியவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார், ஏமாந்தவர்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா என்று அக்கா கொதித்தார். நியாயமான கோபம். ஆனால் அப்போது எங்கள் கையிலிருந்த காகிதங்களை மட்டும் பார்த்தால், காவல்துறை சொன்னதிலும் தவறில்லை.

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தித் தருகிறார்கள். எங்களுக்கு வந்தவர் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "கையெழுத்துப் போட்ட அன்று மனை அவர் பெயரில் இருந்ததா?"

விற்கும் எண்ணத்தோடு ஒப்பந்தம் போட்டவர், பிறகு விலை ஏறிவிட்டதென்று மனம் மாறினால் அது ஒப்பந்த மீறல். தீர்வு உரிமையியல் நீதிமன்றத்தில்தான். வாக்குக் கொடுக்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால் அது மோசடி. 2000-ல் ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவுக்கு இப்போது, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4). சரி, ஒருவர் மனத்தில் அன்று என்ன இருந்தது என்பதை எப்படிக் காட்டுவது? தேதிகளைக் கொண்டுதான்.

பதிவுத்துறை இணையதளத்தில், மனைமீது பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் புதிதாக எடுத்தோம். விற்பவர் எங்களிடம் காட்டிய சான்று 2024 நடுப்பகுதியோடு நின்றிருந்தது. அதற்குப் பின், எங்கள் ஒப்பந்தத்துக்கு முன்பே, அதே மனையை வேறொருவருக்குக் கிரையம் செய்து கொடுத்திருக்கிறார். அக்காவிடம் பணம் வாங்கிய அன்று விற்பதற்கு அவரிடம் மனையே இல்லை.

அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை இணைத்து, நடந்ததைத் தேதிவாரியாக எழுதிப் புதிய புகார் கொடுத்தோம். இந்த முறை முதல் தகவல் அறிக்கை பதிவானது. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், அதற்கும் மேல் மாஜிஸ்திரேட் என்று வழக்கறிஞர் மனுக்களைத் தயாராகவே வைத்திருந்தார்.

ஒன்றை அவர் அழுத்தமாகச் சொன்னார். குற்ற வழக்கு தண்டனைக்கானது. பணத்தைக் கேட்டுப் பெறத் தனியாக உரிமையியல் வழக்கு வேண்டும். குற்ற வழக்குதான் நடக்கிறதே என்று காத்திருந்தால், மூன்றாண்டுக் காலவரம்பு கடந்துவிடும். எனவே முன்பணத்தை வட்டியோடு கேட்டு வழக்குத் தொடுத்தோம். இரண்டு வழக்கையும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. ஒரே சம்பவத்துக்கு இரண்டு வழக்கும் இருக்கலாம் என்பது நிலைபெற்ற சட்டம். இப்போது குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்கிறது. உரிமையியல் வழக்கில் விற்பவரின் எழுத்துப்பூர்வப் பதிலான எதிர்வாதுரை வந்து, அடுத்தது அக்காவின் சாட்சியம்.