இண்டெக்ஸ் ஒன்னு ஹோல்ல கேடிக்கு என்ன வேலை

கேஎல்ல (கோலாலம்பூர்) ஒரு கோல்ஃப் கிளப்புல, பேரு வேணாம், ரொம்ப வருசமா கேடி வேலை பாக்குறேன், ஆட்டக்காரரோட பையத் தூக்கிக்கிட்டு எப்படி அடிக்கலாம்னு சொல்ற வேலை, இப்ப புதுசா வர்ற பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறதும் என் தலையிலதான். வந்ததும் எல்லாரும் கேக்குறது அந்த ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1 ஹோலைப் பத்தி, அதாவது கோர்ஸ்லயே ரொம்பக் கஷ்டம்னு கணக்கு வச்ச ஹோல். ஆளுங்க மூஞ்சி செவந்து பக்கி வண்டில ஏறுற எடம் அதுதான், அந்தக் கோவத்துல பாதி கேடி மேல விழும்.

பார் 4, அதாவது நாலு அடியில பந்தக் குழியில போடணும்ங்கிற கணக்கு, மொத அடி அடிக்கிற நீல டீல இருந்து 390 மீட்டர். 200 மீட்டர் கிட்ட போயி வலது பக்கம் திரும்பும், திருப்பத்துக்கு உள்பக்கம் பூரா குளம், அது அப்படியே போயி குழி இருக்குற கிரீனோட முன்பக்க வலது மூலையில ஒட்டிக்கும். இடது பக்கம் அங்சானா மரங்க, அதுக்கு அந்தாண்ட வெள்ளைக் கட்டை, ஓபி, எல்லைக்கு வெளிய. வலதுகை ஆட்டக்காரங்கள்ல முக்காவாசிப் பேருக்கு பந்து வலது பக்கமாத்தான் வளையும், டிசைன் பண்ணவனுக்கு அது தெரியும், தண்ணிய அங்க வச்சிருக்கான்.

இந்த ஹோலை டீல நின்னு பாக்கக் கூடாது, கிரீன்ல நின்னு பின்னால எண்ணிக்கிட்டு வரணும். 18 ஹேண்டிகேப், அதாவது 18 அடி சலுகை, உள்ளவருக்கு எல்லா ஹோல்லயும் ஒரு ஸ்ட்ரோக் கெடைக்கும், அப்ப இது அவருக்கு பார் 5தான். கிரீனுக்கு இடது வாய் தொறந்து இருக்கு, அங்க இருந்து 80 மீட்டர் வெட்ஜ் நல்லா அடிப்பாருன்னா அந்த 80 மிச்சம் இருக்கணும், அதுக்கு முன்னாடி 130, அதுக்கு முன்னாடி டீல இருந்து 180. அவ்வளவுதான், ரொம்ப தூரம் அடிக்கிற பெரிய கிளப்பு, அந்த டிரைவரே வேணாம். மூனுல கிரீன், அங்க உருட்டி விடுற பட் ரெண்டு, போகி, அதாவது பாருக்கு ஒன்னு கூட, ஹோலுக்கு ஹோல் பாயிண்ட் போடுற ஸ்டேபிள்ஃபோர்டுல அந்த சலுகை அடியோட 2 பாயிண்ட். டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு அந்தக் கணக்கை 1932ல ஆட வச்சதே ஒரு மோசமான ஹோலால ஒருத்தரோட முழு ரவுண்டும் பாழாகக் கூடாதுன்னுதான்.

ஆனா எப்பவும் சின்னதா அடிச்சு முன்னாடி நிறுத்துறதுதான் புத்திசாலித்தனம்னு நான் சொல்ல மாட்டேன். கொலம்பியா யுனிவர்சிட்டி மார்க் பிராடி ஷாட்டு ஷாட்டா கணக்குப் போட்டுக் காட்டுனாரு, தண்ணியும் மணல் பங்கரும் இல்லாத எடத்துல கிரீனுக்கு எவ்வளவு கிட்ட போறோமோ அவ்வளவு நல்லதுன்னு, அது எங்க பல ஹோலுக்குப் பொருந்தும். இந்த ஹோல்ல வலது பக்கம் விழுந்தா முழுசா ஒரு ஸ்ட்ரோக் போகுது, அதனாலதான் இங்க மட்டும் வேற பேச்சு.

கணக்கு யாருக்கும் புரியும், அதை வாயால சொல்றதுதான் எங்க வேலை. டத்தோ பட்டம் வாங்குன பெரிய மனுசரு ஒருத்தரு, கூட மூனு கூட்டாளிங்க, ஹோலுக்கு இவ்வளவுன்னு பெட்டு, அங்க போயி "டத்தோ உங்களால தாண்ட முடியாது"ன்னு சொன்னா நாளைக்கு வேற கேடியக் கேப்பாரு. அதுலயும் ஜஸ்டின் தாமஸ் 2015லயும் 2016லயும் இங்க கேஎல்லயே சிஐஎம்பி கிளாசிக் போட்டிய ஜெயிச்சாரா, அதப் பாத்துட்டு அடுத்த வாரம் வந்தவங்க எல்லாருமே ஜஸ்டின் தாமஸ்தான், டிரைவரத் தவிர வேற எதையும் கையால தொட மாட்டாங்க.

நான் என்ன பண்ணுவேன்னா, பைக்கிட்ட போகும்போதே டிரைவர விடக் கம்மி தூரம் போற 5 வூட்டையும் 4 ஹைப்ரிட்டையும் உருவிக் கையில வச்சுக்கிட்டு "எது டத்தோ, 5 வூட்டா ஹைப்ரிட்டா?"ன்னு கேப்பேன். டிரைவர் கேள்வியிலயே இல்ல. பத்துல ஏழு பேரு ரெண்டுல ஒன்ன வாங்கிக்குவாங்க, முடிவு எடுத்தது அவருதான், அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அப்புறம் தண்ணின்னு வாயத் தொறக்கவே கூடாது. "தண்ணி பாத்து அடிங்க"ன்னு சொன்னா மனசு தண்ணிக்கே போகும், "அந்த ரெண்டாவது அங்சானா மரம் பாஸ்"ன்னு ஒரு எடத்தக் காட்டணும். டீ பாக்ஸ்ல வலது ஓரமா டீய ஊனச் சொல்லி இடது பக்கம் பாக்கச் சொல்லணும், ஃபேர்வே, அந்தப் புல்லுப் பாதை, அகலமாத் தெரியும். எல்லாத்தையும் அவரு கால் ஊனுறதுக்கு முன்னாடியே சொல்லிடணும், 2019ல ரூல் மாறுனதுல இருந்து ஆட்டக்காரரு ஸ்டான்ஸ் எடுக்கும்போது கேடி பின்னால லைன் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது.

பந்து தண்ணிக்குப் போயிட்டா அதுக்கப்புறம்தான் நெசமான வேலை. செவப்புக் கட்டைன்னா பந்து எல்லையக் கடைசியா எங்க கடந்துச்சோ அங்க இருந்து ரெண்டு கிளப் நீளத்துக்குள்ள, கிரீனுக்குக் கிட்ட போகாம, ஒரு ஸ்ட்ரோக் போட்டு, முட்டி உயரத்துல இருந்து டிராப் பண்ணலாம். வலது பக்கம் வளைஞ்சு ஸ்லைஸ் ஆனது பெரும்பாலும் அவங்க நெனைக்கிறத விட டீ பக்கமாவே கடந்திருக்கும், ஆனா நாலு பேரும் கிரீன் பக்கமா நடந்து போயிக்கிட்டு இருப்பாங்க. "எங்கடா கடந்துச்சு?"ன்னு என்னையத்தான் கேப்பாங்க, காசு வேற அதுல இருக்கு. பிள்ளைங்களுக்கு நான் சொல்றது, பந்து பறக்கும்போதே கரையில ஒரு பொருளக் கண்ணால புடிச்சுக்க, ஒரு பொதரு, ஒரு லோங்காங் (சாக்கடை) மூடி, ஏதாச்சும், அப்புறம் சத்தமா சொல்லிடு, யாரும் கேக்குறதுக்கு முன்னாடி. கேட்ட பிறகு சொன்னா நீ யாரு கட்சின்னு ஆயிடும்.

மத்தியானம் இன்னொரு கூத்து. ஈரக் காத்து கனமா இருக்கு பந்து போகாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஈரக் காத்து உண்மையில லேசானது, பந்து போகாததுக்குக் காரணம் நனைஞ்ச ஃபேர்வேல உருளாம நின்னுடுறதுதான், அதனால மழைக்கப்புறம் 180ங்கிற கணக்கு 165 ஆயிடும், மத்த ரெண்டு ஷாட்டையும் அதுக்கேத்த மாதிரி மாத்தணும். இடி சைரன் அடிச்சா கிளப்பக் கீழ வச்சிட்டு ஷெல்டருக்கு ஓடணும், அப்ப பெட்டாவது ஒன்னாவது.

கிரீன்ல பெர்முடா புல்லு, படுக்கும். பளபளன்னு தெரிஞ்சா புல்லு போற தெச, பந்து ஓடும், கருப்பாத் தெரிஞ்சா எதிர்ல, கொஞ்சம் பலமாத் தட்டணும். எட்டடி தூரத்து பட்டை பிஜிஏ டூர் ப்ரோவே ரெண்டுக்கு ஒன்னுதான் போடுறாங்க, அதத் தெரிஞ்சுக்கிட்டா நம்ம ஆளு மேல கோவம் வராது.

எங்கப்பா செம்பனைத் தோட்டத்துல வேல பாத்தவரு, மலேசிய கோல்ஃப் ஆட்டக்காரங்க பி. குணசேகரன், எம். ராமையா பேரு பேப்பர்ல வந்தா வெட்டி எடுத்து வைப்பாரு, ஆட்டம் அவருக்கு ஒன்னும் தெரியாது. சௌஜானா கோர்ஸ் ஒரு காலத்துல செம்பனைத் தோட்டம், புக்கிட் கியாரா பக்கம் பால்மரம்னு அவரு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

டிப்ஸ் விசயமும் சொல்லிடுறேன், பிள்ளைங்க கேக்குறாங்க. டிரைவர் எடுத்து எப்பவோ ஒருநாள் மூலைய வெட்டி பர்டி (பாருக்கு ஒன்னு கம்மி) போட்டவரு அம்பது வெள்ளி நீட்டுவாரு. நான் சொன்ன மாதிரி மரத்தப் பாத்து அடிச்சு ஒழுங்கா போகி போட்டு பெட்டுலயும் ஜெயிச்சவரு தேங்ஸ் லான்னு சொல்லிட்டுப் போயிடுவாரு. இருந்தாலும் அடுத்த வாரம் புக் பண்ணும்போது என் பேரச் சொல்லிக் கேக்குறது ரெண்டாவது ஆளுதான்.