பதினாறு நிறமும் இருபத்துமூன்று சைக்கிளும்

எண்பதுகளின் வீட்டுக் கணினியான கமடோர் 64-இல் படம் வரையப் போகிறவர்கள் முதலில் திட்டுவது அந்தப் பதினாறு நிறத்தைத்தான். எனக்குப் பதினாறு தாராளம். நினைத்த இடத்தில் வைக்க விடாததுதான் வயிற்றெரிச்சல். மல்டிகலர் முறையில் திரை 160-க்கு 200. நான்கு பிக்சல் அகலமும் எட்டு வரி உயரமும் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று நிறம், பிறகு திரை முழுக்கப் பொதுவாக ஒரு பின்னணி நிறம். முகம் வரைந்தால் மூக்கின் நிழலுக்கும் உதட்டுக்கும் அடிதடி.

திரையில் படம் காட்டும் விக்-2 சிப் எட்டு வரிக்கு ஒருமுறை சிபியுவை நிறுத்திவிட்டு, அடுத்த வரிசைக்கான நிறங்களைப் படித்துக்கொள்ளும். அதுதான் பேட் லைன். படிக்க வேண்டிய நேரம் வந்ததா என்று பார்க்க, வரி எண்ணின் கடைசி மூன்று பிட்டை 53265 என்ற முகவரியிலுள்ள ரெஜிஸ்டரின் ஸ்க்ரோல் மதிப்போடு (படத்தை மேலும் கீழும் நகர்த்துவது) ஒப்பிடும். வரிக்கு வரி அந்த மதிப்பை நாமே பொருத்தி வைத்தால், ஏமாந்து ஒவ்வொரு வரியிலும் படிக்கும். கூடவே 53272 ரெஜிஸ்டரை மாற்றி வேறு நிறப் பட்டியலைக் காட்டலாம். இதுதான் எஃப்.எல்.ஐ. கட்டத்தின் மூன்று நிறங்களில் இரண்டு இப்படி வரிக்கு வரி மாறும். கலர் ராம் என்ற தனி நினைவகத்திலிருந்து வரும் மூன்றாவது அசையாது.

எனக்குப் பிடித்தது இதன் கணக்கு. பால் (PAL என்ற டிவி முறை) மெஷினில் ஒரு வரிக்கு 63 சைக்கிள், அதாவது சிபியுவின் கடிகாரத் துடிப்பு. பேட் லைனில் சிபியுவுக்கு மிஞ்சுவது சுமார் 23. அந்த இரண்டு ரெஜிஸ்டரோடு 53281-இல் பின்னணி நிறத்தையும் மாற்ற ஆசைப்பட்டேன். மதிப்பை அட்டவணையிலிருந்து எடுத்து எழுத எட்டு சைக்கிள், மூன்றுக்கு 24. ஒன்றே ஒன்று இடிக்கிறது! மதிப்பைக் கட்டளைக்குள்ளேயே வைத்தால் ஆறு வீதம் 18. லூப்பை விட்டுவிட்டு 200 வரிக்கும் நீளமாக எழுத வேண்டியதுதான். அந்தக் கட்டளைகளை ஒரு சின்ன புரோகிராமே எழுதித் தரட்டும். கையால் அடிப்பது வீண் வேலை.

இடது ஓரத்தில் மூன்று கட்டங்கள் பாழ். சிபியு பஸ்ஸை (நினைவகத்தைப் படிக்கும் பாதை) விட்டுக்கொடுக்க மூன்று சைக்கிள் ஆகிறது. அதற்குள் சிப் படிப்பது குப்பை. படத்தின் மேல் தனியாக மிதக்கும் சின்ன உருவமான ஸ்ப்ரைட்டால் மூடுபவர்கள் உண்டு. ஆனால் ஸ்ப்ரைட்டும் சைக்கிளைத் தின்னும். நான் படத்தையே 148 பிக்சலுக்கு வரைந்துவிடுகிறேன்.

இரண்டு படங்களை மாற்றி மாற்றிக் காட்டி நிறம் கலக்கும் ஐ.எஃப்.எல்.ஐ-யில் எனக்கு மனம் ஒட்டவில்லை. ஸ்க்ரீன்ஷாட்டில் ஜொலிக்கும், திரையில் 25 ஹெர்ட்ஸில் துடித்துக் கண்ணைப் பிடுங்கும். அதைவிட, பழைய பால் டிவி பக்கத்துப் பக்கத்து வரிகளின் நிறத்தைச் சராசரியாக்குவதைப் பயன்படுத்தலாம். பிற்கால விக்-2-இல் நீலத்துக்கும் பழுப்புக்கும் ஒரே வெளிச்சம். ஒரு வரி விட்டு ஒரு வரி வைத்தால், இரண்டிலும் சேராத ஒரு மங்கல் நிறம், துடிப்பே இல்லாமல் வருகிறது. ஆரம்பகால சிப்புகளில் வெளிச்ச நிலைகள் ஐந்துதான், பின்னால் வந்தவற்றில் ஒன்பது. அதனால் ஜோடிகளும் மாறும். எமுலேட்டரில் (இன்றைய கணினியில் பழைய மெஷினைப் போல ஓடும் புரோகிராம்) பார்ப்பவர்கள் பால் டிவி போலக் காட்டும் வசதியை இயக்கிவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் வெறும் கோடுகள்தான் தெரியும்.