2400 சிசி காரில் லீற்றருக்கு 13 கிலோமீற்றர்

"தம்பி, இது லீற்றருக்கு எத்தனை ஓடும்?" கொழும்பு வெள்ளவத்தையில் என் காரைப் பார்க்கிற ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான். 2400 சிசி ஹொண்டா அக்கோர்ட், பழைய மொடல், ஒட்டோ கியர். சிசி பார்த்து வரி போடுகிற நாட்டில் 1000 சிசிக்கும் 1500 சிசிக்கும் பழகிய கண்களுக்கு இது வீண் செலவாகத்தான் தெரியும். அம்மாவுக்கு முதுகு வலி. அவரை யாழ்ப்பாணம் கூட்டிப்போய் வர இந்த சீற் தேவை, அதனால் விற்கிற எண்ணம் எனக்கு ஒரு நாளும் வரவில்லை.

ஆனால் 2022 பெற்றோல் தட்டுப்பாடு நன்றாகவே சுட்டது. அந்த ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, பிறகு கியூஆர் பங்கீட்டு முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். கொழும்புக்குள் என் கார் லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடியது, ஆக ஒரு வாரத்துக்கு 120 கிலோமீற்றர். அப்போதுதான் கொப்பியும் பேனாவும் எடுத்தேன். பெற்றோல் செட்டில் பம்ப் தானாக நிற்கும் வரை ஃபுல் டாங்க் அடிப்பது, ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குவது, அடுத்த முறை திரும்ப ஃபுல் அடித்து, ஓடிய தூரத்தை அடித்த லீற்றரால் பிரிப்பது. இதைச் செய்யாமல் "நல்லா ஓடுது", "குடிக்குது" என்று சொல்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

கணக்கு எழுதியதும் ஒரு விஷயம் உறுத்தியது. ட்ரபிக்கில் 6 என்றால் சரி, விளங்குகிறது. வேலைக்காக மாத்தறைக்கு அதிவேகப் பாதையில் போய் வந்தாலும் 9ஐத் தாண்டவில்லை. பெரிய எஞ்சின் நன்றாக ஓட வேண்டிய இடமே அதுதான். கவனித்துப் பார்த்தால், எஞ்சின் சூடு காட்டும் முள் காலி வீதி நெரிசலில் நடுவில் நிற்கிறது, கொட்டாவையில் அதிவேகப் பாதை ஏறி வேகம் பிடித்ததும் கீழே இறங்குகிறது.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸிடம் சொன்னேன். பொனட்டைத் திறக்கவே இல்லை. "தம்பி, தெர்மோஸ்டாற்றைக் கழட்டிப்போட்டாங்கள்" என்றார். முன்பு பார்த்த கராஜில், இது சூடான நாடு, உது தேவையில்லை என்று எடுத்து வீசியிருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அந்தச் சின்ன வால்வு இருந்தால் 80 பாகை அளவு வரும்வரை ரேடியேற்றருக்குத் தண்ணீர் போகாது. இல்லாவிட்டால், காற்று வேகமாக அடிக்கிற நெடுஞ்சாலையில் எஞ்சின் சூடாவதே இல்லை. எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்பியூட்டரும் இன்னும் காலையில் ஸ்டார்ட் செய்த குளிர் எஞ்சின் என்று நினைத்து பெற்றோலைக் கூடுதலாக ஊற்றுகிறது, ஒட்டோ கியரை எஞ்சினோடு நேராகப் பூட்டுகிற லொக்-அப்பும் ஒழுங்காகப் பிடிக்காது. பஞ்சிகாவத்தையில் புதிதாக ஒன்று வாங்கிப் பூட்டினோம். அடுத்த மாத்தறைப் பயணம் 11.8.

மிச்சம் என் காலில் இருந்தது. பெரிய எஞ்சினை மெதுவாக உருட்டும்போது திரொட்டில் என்கிற காற்றுக் கதவு கிட்டத்தட்ட மூடியபடி இருக்கும், அந்த இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கவே எஞ்சின் தன் சக்தியில் ஒரு பகுதியைச் செலவழிக்கும், முனை நசுங்கிய ஸ்ட்ரோவால் செவ்விளநீர் குடிப்பது மாதிரி. அதனால் முட்டை மேல் நடப்பது போல எக்ஸிலேற்றரைத் தடவிக்கொண்டு போவது இந்த மாதிரிக் காருக்குச் சரிவராது. கொஞ்சம் உறுதியாக மிதித்து, எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குள் மேல் கியருக்கு வரவிட்டு, பிறகு காலை இலேசாக்கிவிட வேண்டும். இந்தக் காரில் இழுவைக்குக் குறைவில்லை, சுற்றைக் கூட்டவே தேவையில்லை.

தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் உடனே காலை எடுத்துவிடுவேன். சிலர் அப்போது நியூட்ரலுக்குத் தள்ளுவார்கள், காபரேற்றர் காலத்துப் பழக்கம். இந்தக் காரில் கியரை 'D'இல் விட்டு உருண்டால், எஞ்சினுக்குப் பெற்றோல் தெளிக்கிற இன்ஜெக்டர் அதை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க அது ஊற்றித்தான் ஆக வேண்டும்.

அலுவலகம் கொள்ளுப்பிட்டியில். காலி வீதியை விட்டு மரைன் டிரைவ் பிடித்தால் நின்று நின்று போவது குறைகிறது. ஏசியோடு சும்மா நின்றாலே இந்த எஞ்சின் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றருக்கு மேல் எரிக்கும், பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை எதிர்பார்த்து ஏசி போட்டுக்கொண்டு நிற்கிற அப்பாமார் இதை யோசிக்க வேண்டும். ரயர் காற்று இரண்டு கிழமைக்கு ஒருமுறை, காலையில், ரயர் குளிர்ந்திருக்கும்போது. டிக்கியில் கிடந்த அரிசி மூட்டையையும் பழைய பற்றரியையும் இறக்கினேன்.

அதிவேகப் பாதையில் 100 வரை போகலாம், நான் 85இல் வைக்கிறேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, 80இலிருந்து 100க்குப் போனால் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். கொட்டாவையிலிருந்து மாத்தறைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பிந்தும், பரவாயில்லை.

இப்போது கொழும்புக்குள் 8. போன மாதம் அம்மாவோடு யாழ்ப்பாணம் போனோம், புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியாக, பெரும்பாலும் 70இல். போய்ச் சேர்ந்து ஃபுல் அடித்துக் கணக்குப் பார்த்தால் 13.4. சித்தப்பா வாசலுக்கு வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். கொப்பியை அவர் கையில் கொடுத்தேன்.