மரபுக் களஆய்வுக்குப் போகும் மாணவர்களுக்கு: நான் தாமதமாகக் கேட்ட கேள்வி

முதுநிலைப் படிப்பில் உள்ளூர் மரபையும் நிலைத்த வளர்ச்சியையும் இணைத்து ஓர் ஆய்வறிக்கை தர வேண்டியிருந்தது. நான் ஒரு பழைய பொதுக்கிணற்றை எடுத்துக்கொண்டேன். அளந்தேன், படம் எடுத்தேன், கட்டிய காலத்தைத் தேடினேன், 40 பக்கம் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் வந்த முதல் கேள்வி: "இதை இப்போது தூர்வாருவது யார்?" மூன்று வாரம் அங்கே அலைந்தும் அதை ஒருவரிடமும் நான் கேட்டிருக்கவில்லை. திருத்தி எழுத இரண்டு மாதம் கொடுத்தார்கள்.

மறுபடி போனபோது கேள்வியை மாற்றினேன். "தண்ணீர் வற்றிய வருடம் நினைவிருக்கிறதா? அப்போது என்ன செய்தீர்கள்?" முன்பு கிணற்றின் வயதைக் கேட்டபோது "தெரியாது" என்று எழுந்து போன மூதாட்டி, இந்த முறை ஒரு மணி நேரம் பேசினார். முறை வைத்து இறைத்தது, முறை மீறியவருக்கு என்ன நடந்தது, கோடைக்கு முன் எல்லோரும் இறங்கிச் சேறு அள்ளியது என எல்லாம் வந்தது. வீட்டுக்குழாய் வந்ததும் முறை நின்றது, அதோடு தூர்வாருவதும் நின்றது. கல்கட்டு அப்படியே இருக்கிறது, அதைக் காத்துவந்த ஏற்பாடுதான் போய்விட்டது. என் ஆய்வுப்பொருள் அந்த ஏற்பாடுதான் என்று அன்றுதான் புரிந்தது.

இன்னொன்றையும் தயங்காமல் கேளுங்கள்: அந்த ஏற்பாட்டில் யாருக்கு இடம் இல்லை? மரபு என்றாலே நல்லது என்று எழுதிவிடக் கை துடிக்கும். விலக்கி வைக்கப்பட்டவர்களை விட்டுவிட்டு எழுதும் அறிக்கை அரைகுறையானது, அநியாயமும்கூட.

இடர்தாங்கும் திறனுக்கு எடுத்துக்காட்டு தேடுகிறவர்கள் இந்தோனேசியாவின் சிமியூலு தீவைப் படியுங்கள். 1907இல் அங்கே ஆழிப்பேரலை பலரைக் கொன்றது. நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்ற பாடம் 'ஸ்மோங்' என்ற பெயரில் கதையாகவும் பாட்டாகவும் பேரப்பிள்ளைகள் வரை வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று, நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும், சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்தான். ஜப்பானின் அனேயோஷியில், 1933 பேரலைக்குப் பிறகு, இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று கல்லில் பொறித்து வைத்தார்கள். 2011இல் அலை அந்தக் கல்லை எட்டவில்லை. கல் மட்டும் காப்பாற்றவில்லை, ஊரார் அந்தச் சொல்லை மதித்து மேலேயே குடியிருந்தார்கள்.

கோட்பாட்டுப் பகுதிக்கு யுனெஸ்கோவின் 1972 (உலக மரபுச் சின்னங்கள்), 2003 (வாய்மொழி, சடங்கு, கைவினை போன்ற வாழும் மரபு) உடன்படிக்கைகள், பேரிடர் அபாயத்தைக் குறைப்பதற்கான 2015இன் செண்டாய் கட்டமைப்பு, பண்பாட்டு, இயற்கை மரபைக் காக்கச் சொல்லும் ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்கு 11.4 ஆகியவை போதும். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். களத்துக்கே இடம் வேண்டும்.

குரலைப் பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். ஒரே ஆளிடம் இரண்டு முறையாவது போங்கள். முதல் நாள் கிடைப்பது பெரும்பாலும் விருந்தாளிக்குச் சொல்லும் பதில். வரைவு முடிந்ததும் அதைச் சொன்னவர்களிடமே படித்துக் காட்டுங்கள். நான் படித்துக் காட்டியபோது, முறை வரிசையை ஓர் இடத்தில் தலைகீழாக எழுதியிருந்தேன் என்று அந்த மூதாட்டி நிறுத்தினார். அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன்.