பாலிக் பூலாவின் ஜாதிக்காய் மரங்கள்

பினாங்கு என்றால் எல்லோரும் ஜார்ஜ் டவுனைத்தான் சொல்வார்கள். மலைக்கு அந்தப் பக்கம் நாம் படித்த பாலிக் பூலாவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

பள்ளி விட்டதும் நாம் கூடி நின்ற கடைத்தெரு நீரூற்று நினைவிருக்கிறதா? 1882-இல் கோ சியாங் தாட் என்ற செல்வந்தர் ஊருக்குக் கொடுத்தது. தேவாலயம் அதைவிடப் பழசு. பிரெஞ்சுப் பாதிரிமார் 1854-இல் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புத் தோழர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள், எல்லாம் ஹக்கா என்ற சீனப் பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள்.

ஆனால் எனக்கு ஊரின் சரித்திரம் தெரிய வந்தது ஒரு ஹக்கா தோழியின் வீட்டில்தான். அவள் பாட்டியை நாங்களும் அவளைப் போலவே ஆபோ, அதாவது பாட்டி, என்றே கூப்பிடுவோம். ஆபோ ஜாதிக்காயைப் பிளந்து, சதையைச் சர்பத்துக்கும் ஊறுகாய்க்கும் எடுத்து வைப்பார். கொட்டையைச் சுற்றியிருக்கும் செக்கச்செவேலென்ற ஜாதிபத்திரியைக் கிழியாமல் உரித்து முறத்தில் பரப்புவார். காயக் காய அது மஞ்சளாகும். பக்கத்து முறத்தில் கிராம்பு மொட்டு. வீடு முழுக்க அந்த வாசம்! சில நாள் சேப்பங்கிழங்கு மாவை உருட்டி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி அழுத்தச் சொல்லித் தருவார். மணிச்சட்டக் காய் மாதிரி இருக்கும் அந்த உருண்டைகளை வேகவைத்து, காளான் போட்டு வதக்கித் தருவார். என் அம்மாவுக்கும் அதன் ருசி பிடித்துவிட்டது.

ஜாதிக்காயைத் தீவுக்குக் கொண்டுவந்தது கிழக்கிந்தியக் கம்பெனி, 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில். டச்சுக்காரர் கையிலிருந்த வியாபாரத்தை உடைக்கத்தான் அந்த ஏற்பாடு. 1860களில் நோய் விழுந்து பெரிய தோட்டங்கள் அழிந்தன, முதலாளிகள் கைவிட்டார்கள். சீனாவின் குவாங்டோங் பக்கமிருந்து வந்த ஹக்கா குடும்பங்கள்தான் செங்குத்தான சரிவுகளில் டுரியானும் கிராம்பும் ஜாதிக்காயுமாகக் கலந்து வளர்த்தன. கவர்னர்கள் பெயரைப் புத்தகத்தில் படித்தோம், சரி. மரத்தைக் காப்பாற்றியவர்கள் பெயர் எந்தப் பாடத்திலும் இல்லை. அது எனக்கு இன்றும் பெரிய வருத்தம்.

இப்போது பல வீடுகளில் பிள்ளைகள் வெளியூரில். தோட்டத்தில் வயதானவர்கள் மட்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். நம் பள்ளித் தோழர்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள், வீட்டில் பழைய கடைத்தெருப் படமோ தோட்டப் படமோ இருந்தால் எடுத்து வாருங்கள். பின்புறத்தில் யார் வீட்டுத் தோட்டம், எந்த வருஷம் என்று பென்சிலால் எழுதியிருந்தால் போதும். தொகுக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.