புளிமாங்காய் தெரிந்தால் டூ-ஸ்டெப் ஆடலாம்

பள்ளிக்கூடத்தில் செய்யுளை அலகிட்டு வாய்பாடு எழுதியவர்களுக்கு கன்ட்ரி இசைக்கு ஜோடியாக ஆடும் டெக்சஸ் டூ-ஸ்டெப்பின் கணக்கு ஏற்கெனவே தெரியும். நிரை நேர் நேர், புளிமாங்காய். 'பு', 'ளி' இரண்டும் குறில், ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. 'மாங்', 'காய்' இரண்டும் நீளம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு. மொத்தம் ஆறு. டெக்சஸின் தலைநகரான ஆஸ்டினில் சொல்லிக்கொடுப்பவர்கள் இதையே "க்விக், க்விக், ஸ்லோ, ஸ்லோ" என்பார்கள். எனக்குப் புளிமாங்காய்தான் மேல். 'க்விக்' என்பதையும் 'ஸ்லோ' என்பதையும் வாய் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சொல்லிவிடும், காலும் அதைக் கேட்டு நான்கு அடியையும் சமமாக வைத்துவிடும். புளிமாங்காய் என்று சொல்லும்போது நீள வேண்டியது தானாக நீளும்.

இந்த ஆட்டம் வாழும் இடம் ஹாங்கி-டாங்க் எனப்படும் சாதாரண பார். தாழ்ந்த கூரை, நியான் விளக்கு, ஒரு மூலையில் பூல் மேஜை, இன்னொரு மூலையில் ஒரு அடி உயர மேடை, அதற்கு முன்னால் தேய்ந்து வழுவழுத்த தரை. ஆஸ்டின் சவுத் லமார் சாலையில் 1964 முதல் இருக்கும் ப்ரோக்கன் ஸ்போக் இதில் பேர்போனது. பாப் வில்ஸ், வில்லி நெல்சன், ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் என்று கன்ட்ரி இசையின் பெரிய பெயர்கள் எல்லாரும் வாசித்த இடம் அது. கிழக்கு ஆஸ்டினில் வைட் ஹார்ஸ், தெற்கே சாம்ஸ் டவுன் பாயின்ட், மேற்கு ஐந்தாம் தெருவில் பழைய ரயில் நிலையக் கட்டடத்தில் நடக்கும் டான்ஸ் (Donn's) டிப்போ என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று இருக்கிறது. வேலைக்காக ஆஸ்டின் வந்து, பத்து வருடம் இந்த வாசல்களைக் கடந்தே போய்க்கொண்டிருக்கும் நம் ஆட்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காதுக்கு. 1933-இல் மதுவிலக்கு நீங்கிய பிறகு டெக்சஸ் எண்ணெய் வயல்களைச் சுற்றி இத்தகைய பார்கள் பெருகின. கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று கிட்டாருக்கு மின்சாரம் வந்தது, டிரம்ஸ் வந்தது, தாளம் தடித்தது. அந்தத் தடித்த தாளம்தான் ஆடுபவருக்குக் கைப்பிடி. கவனித்துக் கேளுங்கள்: பேஸ் கிட்டார் 'டும்' என்னும், ஸ்னேர் டிரம் 'சக்' என்னும். டும்-சக், டும்-சக். பாட்டையும் ஃபிடிலையும் மறந்துவிட்டு இந்த இரண்டை மட்டும் பிடியுங்கள்.

இனி அந்த ஆறு தட்டை இதன்மேல் வையுங்கள். 'பு' டும்மில் விழும், 'ளி' சக்கில் விழும். 'மாங்' அடுத்த டும்மில் விழுந்து, சக்கைக் கடந்து போகும். 'காய்' அதற்கடுத்த டும்மில் விழுந்து, இன்னொரு சக்கைக் கடக்கும். மறுபடி 'பு', மறுபடி டும். அதாவது நான்கு அடியில் மூன்று டும்மில், 'ளி' ஒன்று மட்டும் சக்கில். நடுவில் குழம்பினால் இதை வைத்தே சரிபார்க்கலாம். நீள அடிகள் சக்கில் விழுகின்றன என்றால் ஒரு தட்டு பிந்திவிட்டீர்கள். நின்று, ஒரு டும் கேட்டு, மறுபடி தொடங்குங்கள்.

பாட்டு நாலு தட்டுக் கணக்கில் ஓடும், கால் ஆறு தட்டுக் கணக்கில் ஓடும். ஆகவே பாட்டின் சமமும், அதாவது நாலில் முதல் தட்டும், காலின் தொடக்கமும் பன்னிரண்டு தட்டுக்கு ஒருமுறைதான் சந்திக்கும். தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது முதலில் உறுத்தும். பாடகர் வரியை எடுக்கும் இடத்தில் காலும் எடுக்க வேண்டும் என்று உடம்பு கேட்கும். விட்டுவிடுங்கள். டும்மில் இருக்கிறீர்கள் என்றால் சரியாகத்தான் இருக்கிறீர்கள்.

அடி வைப்பது சாதாரண நடைதான். கூட்டிச் செல்பவர் இடது காலில் முன்னே தொடங்குவார்: இடது 'பு', வலது 'ளி', இடது 'மாங்', வலது 'காய்'. எதிரே இருப்பவர் வலது காலில் பின்னே தொடங்குவார். நான்கு அடி, இரட்டைப்படை என்பதால் ஒவ்வொரு சுற்றும் அதே காலில்தான் தொடங்கும்.

தப்பு பெரும்பாலும் நடப்பது நீள அடியில்தான். இரண்டு தட்டு இருக்கிறதே என்று பலர் பாதி எடையை மட்டும் மாற்றிவிட்டு, அடுத்த தட்டில் காலால் தரையைத் தொட்டு நிரப்புவார்கள். இப்படி எடை இரண்டு காலிலும் பங்கிட்டு நின்றால் அடுத்து எந்தக் கால் என்று உங்களுக்கும் தெரியாது, பிடித்திருப்பவருக்கும் தெரியாது. 'மா' என்னும்போதே முழு எடையும் அந்தக் காலுக்குப் போய்விட வேண்டும். 'ங்' என்று மூக்கில் ஒலிக்கும் அந்த நேரத்தில் மற்றக் கால் தரையை ஒட்டி வழுக்கிக்கொண்டு பக்கத்தில் கடந்து போக வேண்டும். உடம்பு நிற்காது, அடிதான் அடுத்த தட்டுக்குக் காத்திருக்கும். நல்ல ஆட்டக்காரர்களின் இடுப்புக்கு மேலே பாருங்கள். தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்து நடப்பவர்போல ஒரே மட்டத்தில் போகும். குதிப்பு தெரிந்தால் முழங்கால் விறைப்பாக இருக்கிறது என்று பொருள். கொஞ்சம் தளர்த்தினால் போதும்.

பிடி: கூட்டிச் செல்பவரின் வலக்கை எதிரே இருப்பவரின் இடது தோள்பட்டை எலும்பின்மேல், விரல்கள் சேர்ந்து. மற்றக் கைகள் தோள் உயரத்தில். கட்டைவிரலால் நெரிக்கக் கூடாது. நெரித்த கையில் யாரும் திரும்ப முடியாது, மணிக்கட்டு முறுகும். தள்ளுவதும் இழுப்பதும் கையால் அல்ல, நெஞ்சு முன்னே வந்தால் எதிரே இருப்பவர் பின்னே போவார். பின்னே போகிறவர் தொடையிலிருந்து காலை நீட்டி முன்பாதத்தை முதலில் ஊன்ற வேண்டும். குதிகாலை முதலில் ஊன்றினால் பின்னால் சாய்ந்து கையில் தொங்குவார், ஐந்து நிமிடத்தில் இருவருக்கும் தோள் வலிக்கும். திரும்பித் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். அவருக்குக் கண் முன்னே நடப்பவர்தான். முன்னே நடப்பவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ஜோடிக்கே கண் இல்லை.

முதல் நாளுக்கு ஒரே ஒரு சுற்று போதும். கூட்டிச் செல்பவர் 'காய்' வரும்போது இடக்கையை உயர்த்துகிறார். எதிரே இருப்பவர் அதன் கீழே 'பு', 'ளி' இரண்டு அடியில் வலஞ்சுழியாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, 'மாங்', 'காய்' வரும்போது மறுபடி நேரே பார்த்துப் பின்னே நடக்கிறார். கையை 'பு'வில் உயர்த்தினால் காலம் கடந்துவிட்டது, சுற்றுபவர் நீள அடிக்குள் அவசரப்படுவார். கையைத் தலைக்கு மேலே ஒரு கிண்ணம் கவிழ்த்ததுபோல வைத்தால் போதும், கயிறு சுழற்றுவதுபோல வீச வேண்டாம்.

தரைக்கு ஒரு போக்குவரத்து உண்டு. எல்லாரும் இடஞ்சுழியாகச் சுற்றுவார்கள், கோயில் பிரகாரத்தில் வலம் வருவதற்கு நேர் எதிர். பிரகாரத்தில் கருவறை வலக்கைப் பக்கம் இருக்கும், இங்கே தரையின் நடு இடக்கைப் பக்கம். வேகமாகப் போகிறவர்கள் வெளிவட்டம், மெதுவாகப் போகிறவர்கள் உள்வட்டம், நின்ற இடத்தில் ஸ்விங் ஆடுகிறவர்கள் நட்டநடு. புதியவர்கள் பயந்து ஓரமாகப் போகிறோம் என்று வெளிவட்டத்தில் மெதுவாக நடப்பார்கள், பின்னால் வண்டி நிற்கும். உள்ளே வாருங்கள். ஓரத்தில் நின்று பேசுவதும், பீர் பாட்டிலோடு தரையில் ஏறுவதும் ஆகவே ஆகாது. சிந்திய பீர் ஈரமாக இருக்கும்போது வழுக்கும், காய்ந்தால் ஒட்டும். இரண்டுமே முழங்காலுக்குக் கேடு. முன்னே இடம் அடைத்தால் நிற்காமல் இருந்த இடத்திலேயே குட்டி அடியாகப் புளிமாங்காய் போடுங்கள். இடித்துவிட்டால் கையை உயர்த்தி ஒரு 'சாரி', அவ்வளவுதான்.

காலணியில் கஞ்சம் பார்க்காதீர்கள். ரப்பர் அடி கொண்ட ஓட்டக் காலணி தரையைக் கவ்வும். சுற்றும்போது பாதம் நின்றுவிடும், உடம்பு திரும்பும், முறுக்கு முழங்காலுக்குப் போகும். பூட்ஸ்தான் வேண்டும் என்பதில்லை, தோல் அடி வைத்த ஆபீஸ் ஷூ போதும். பூட்ஸ் வாங்குவதானால் குதி தாழ்ந்த ரோப்பர் வகையில் தொடங்குங்கள், பின்னே நடப்பவருக்கு அது நிதானம் தரும். புதுத் தோல் அடி கண்ணாடிபோல வழுக்கும். வாசல் சிமெண்டில் நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டு உள்ளே போங்கள். சில இடங்களில் தரையில் மக்காச்சோள மாவோ மெழுகுத் தூளோ தூவுவார்கள். தூவிய புதிதில் அடியைச் சுருக்குங்கள்.

எல்லாப் பாட்டும் டூ-ஸ்டெப் அல்ல. நிமிடத்துக்கு 160 முதல் 200 தட்டு வரை ஓடும் டும்-சக் பாட்டுதான் வசதி. 'தகிட தகிட' என்று மூன்றாக வந்தால் வால்ட்ஸ், தட்டுக்கு ஓர் அடி, 'த'வில் நீண்ட அடி. வால்ட்ஸும் போல்காவும் 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் நடு டெக்சஸில் குடியேறிய விவசாயிகள் கொண்டுவந்தவை. போல்கா வந்தால் முதல் மாதம் உட்கார்ந்து பாருங்கள், அத்தனை வேகம்.

பல பார்களில் பேண்டு ஏறுவதற்கு முன் ஒரு மணி நேரம் பாடம் நடக்கும், சில இடத்தில் இலவசம், சில இடத்தில் கட்டணம். எந்தக் கிழமை என்பது மாறிக்கொண்டே இருக்கும், அன்றைக்கே பாருங்கள். பாடத்துக்குப் போனால் இன்னொரு லாபம்: பத்து முகம் பழகிவிடும், பிறகு கூப்பிடக் கூச்சம் இருக்காது. ஆணும் பெண்ணும் யாரும் யாரையும் கூப்பிடலாம். கல்யாணமானவர்கள் வேறொருவரோடு ஒரு பாட்டு ஆடுவது இங்கே சாதாரணம், அதற்கு அர்த்தம் தேட வேண்டாம். 'ஆடலாமா?' என்று கேட்கிறீர்கள். 'வேண்டாம், நன்றி' என்றால் புன்னகைத்து நகர்கிறீர்கள், காரணம் கேட்பதில்லை. சரி என்றால் ஒரு பாட்டு, பிறகு நன்றி சொல்லி அவர் மேஜைவரை கொண்டுபோய் விடுகிறீர்கள். தரையிலேயே ஆளை விட்டுவிட்டு வருவது மரியாதையில்லை.

பணம், குடி, சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. டெக்சஸில் குடிக்க வயது 21, நரைத்த தலைக்கும் அடையாள அட்டை கேட்கலாம். ஊர் பார்க்க வந்த அப்பா அம்மாவைக் கூட்டிப்போனால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஒரு பீருக்கு ஒரு டாலர் டிப்ஸ். நுழைவுக் கட்டணம் இல்லாத இடத்தில் பேண்டுக்குக் கிடைப்பதில் பெரும்பங்கு டிப்ஸ் ஜாடிதான், ஜோடிக்குப் பத்து டாலராவது நோட்டாக எடுத்துப்போங்கள். 355 மில்லி பீரில் சுமார் 14 கிராம் ஆல்கஹால். ஒரு மணி நேரத்துக்கு ஒன்று, கூடவே ஒரு டம்ளர் தண்ணீர் என்பது ஆடுகிறவருக்கு உச்சவரம்பு. அதற்குமேல் போனால் சுற்றும்போது தலை நிற்பதற்கு நேரமாகும், அதை எதிரே இருப்பவர்தான் தாங்க வேண்டும். கோக் குடித்துக்கொண்டு இரவு முழுவதும் ஆடுகிறவர்கள் நிறைய, யாரும் ஏன் என்று கேட்பதில்லை. குடித்திருந்தால் வாடகை வண்டிதான். சைவர்கள் பீன்ஸ் சொல்வதற்கு முன் பன்றிக் கொழுப்பு சேர்த்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காதையும் காப்பாற்ற வேண்டும். 100 டெசிபல் சத்தத்துக்கு ஒரு நாளில் 15 நிமிடம்தான் வரம்பு என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான நியோஷின் கணக்கு. சின்ன பாரில் மேடைப் பக்கத்து ஸ்பீக்கர் அந்த அளவை எளிதாக எட்டும். இசைக்கென்றே விற்கும் காதடைப்பான் போட்டால் சத்தம்தான் ஏறக்குறைய சீராகக் குறையும், டும்-சக் தெளிவாகவே கேட்கும்.

இரவு இரண்டு மணிக்கு விற்பனை முடிந்துவிடும். கார்டைக் கவுண்டரில் கொடுத்துக் கணக்கு வைத்திருந்தால் கடைசி அழைப்புக்கு முன்பே முடித்து வாங்கிக்கொள்ளுங்கள், மறந்துவிட்டு மறுநாள் வாங்க வருகிறவர்கள் ஏராளம். ஆட்டத்துக்கு நல்ல நேரம் என்று கேட்டால் பேண்டின் முதல் பகுதி. தரை பாதி காலியாக இருக்கும், நேர்க்கோட்டில் நடந்து பழகலாம். போவதற்கு முன் ஒரு வாரம் சமையலறை டைல்ஸில் சாக்ஸ் போட்டுக்கொண்டு, போனில் தட்டு எண்ணித் தரும் மெட்ரோனோமை 160-இல் வைத்து, தினம் இரண்டு பாட்டு நேரம் புளிமாங்காய் நடங்கள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடங்கள். பிறகு 180. அந்த வேகத்தில் நடந்துகொண்டே வீட்டில் இருப்பவரோடு நாளைய சமையலைப் பற்றிப் பேச முடிகிறது என்றால், அந்த வெள்ளிக்கிழமையே கிளம்பலாம்.